காபியும் எலும்புத் தேய்மானமும்: எண்ண வேண்டியது கப்பையா, கால்சியத்தையா?

கேள்வி இது: வயது 53, மாதவிடாய் நின்று மூன்று ஆண்டு. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 1.8. ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கும் பழக்கம். "காபி எலும்பில் இருக்கிற கால்சியத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், இன்றைக்கே விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். விட்டுத்தான் ஆக வேண்டுமா?

விட வேண்டியதில்லை. அதற்காக "தாராளமாகக் குடியுங்கள்" என்றும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அந்த நாலு கப்பில் பால் எவ்வளவு, நாள் முழுக்கச் சாப்பாட்டில் வரும் கால்சியம் எவ்வளவு, காலையில் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வீட்டில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காஃபீன் சிறுநீரகத்தில் அடினோசின் என்ற பொருள் வேலை செய்யும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. அதனால் சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்வது சற்றுக் குறைகிறது. சோடியம் வெளியேறும்போது அதன் பின்னாலேயே கால்சியமும் போகும். குடித்து இரண்டு மூன்று மணி நேரம் வரை சிறுநீரில் கால்சியம் கூடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதும் துளி குறைகிறது. ஆக, இழப்பு நிஜம். எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

அமெரிக்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீனியின் குழு, பெண்கள் உண்டதிலும் கழித்ததிலும் இருந்த கால்சியத்தை அளந்து வரவு செலவு பார்த்தது. 1995-இல் வெளியான அந்தக் கணக்கின்படி, சுமார் 180 மி.லி. காபி ஒன்றுக்கு உடம்பின் கால்சிய இருப்பு 4.6 மி.கி. குறைகிறது. நாலு கப்புக்கு ஏறக்குறைய 18 மி.கி. என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வரவுப் பக்கம். 100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. கால்சியம் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 36 மி.கி., உடம்பில் சேரும். அதாவது நாலு காபியின் இழப்பை ஈடுகட்ட மொத்தமாக 50 மி.லி. பால் போதும். கப்புக்கு இரண்டரை தேக்கரண்டி. நீங்கள் குடிப்பது பாதிக்குப் பாதி பால் கலந்த காபி என்றால், காபியால் உங்களுக்கு நட்டமே இல்லை, கையில் மிச்சம்தான் நிற்கிறது.

கடுங்காபி என்றால் கதை வேறு. ஒரு நாளைக்கு 18 மி.கி. என்பது ஆண்டுக்கு ஆறரை கிராம். ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டில் உள்ள மொத்தக் கால்சியம் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஈடுகட்ட எதுவுமே இல்லாவிட்டால் ஆண்டுக்கு 0.6, 0.7 சதவீதம் போகும் என்பது காகிதக் கணக்கு. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் ஹார்மோன் குறைவதாலேயே ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் எலும்பு போகிறது. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் அலட்சியப்படுத்தக்கூடிய தொகை அல்ல. சாப்பாட்டில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் உடம்பு இந்தச் சில்லறை இழப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். சாப்பாட்டிலேயே பற்றாக்குறை என்றால் எலும்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதற்கும் இதுதான் பெரிய காரணம். 1994-இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ பெர்னார்டோவில், மாதவிடாய் நின்ற 980 பெண்களைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க தினம் இரண்டு கப் காபி குடித்துவந்தவர்களுக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்திருந்தது. ஆனால் தினம் ஒரு டம்ளராவது பால் குடித்து வந்தவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், தினம் 450 மி.கி.-க்கு மேல் காஃபீன் எடுத்தும் உணவில் கால்சியம் 744 மி.கி.-ஐத் தொடாத பெண்களுக்குத்தான் எலும்பு வேகமாகக் குறைந்தது. ஸ்வீடனில் 61,433 பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, தினம் நாலு கப்பும் அதற்கு மேலும் குடிப்பவர்களின் எலும்பு அடர்த்தி 2 முதல் 4 சதவீதம் குறைவு என்றது. ஆனால் எலும்பு முறிவு அவர்களுக்கு அதிகமாக இல்லை. ஸ்கேனில் தெரியும் எண்ணும் எலும்பு உடைவதும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள்.

பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு சங்கதியை மறக்கக் கூடாது. நிறையக் காபி குடிக்கிறவர்களில் புகைபிடிக்கிறவர்கள் அதிகம். புகை எலும்புக்கு நேரடிப் பகை. அதைச் சரியாகக் கழிக்காத ஆய்வில் பழி காபி மேல் விழும். கொரியாவில் நடந்த ஓர் ஆய்வு, காபி குடிக்கும் பெண்களின் எலும்பு கொஞ்சம் மேல் என்றே சொல்லியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு காபியை எலும்புக்கு டானிக் என்று விற்க வேண்டாம். காபியைவிடப் பெரிய காரணங்கள் பக்கத்தில் நிற்கின்றன என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அந்தப் பெரிய காரணங்கள் எவை? அடுத்த பத்து ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்க, ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வயது, பாலினம், எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, புகை, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம், தினம் மூன்று அலகு அல்லது அதற்கு மேல் மது, தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி என்று அது வரிசையாகக் கேட்கும். காபியைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. உங்கள் டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருப்பதால் இது ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்திக் குறைவு. ஆஸ்டியோபோரோசிஸ் இன்னும் இல்லை. காபியை நிறுத்திவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து "ஏறியிருக்கிறதா" என்று பார்ப்பது வீண் செலவு. அந்த இடைவெளியில் வரக்கூடிய மாற்றம் இயந்திரத்தின் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். மறு ஸ்கேனுக்கு எத்தனை ஆண்டு இடைவெளி என்று மருத்துவர் சொல்கிறாரோ அப்போது, முன்பு எடுத்த அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு இயந்திரத்தின் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது.

உப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாரும் அதைப் பேசுவதில்லை. ஏறக்குறைய 6 கிராம் உப்பு சிறுநீரில் வெளியேறும்போது சுமார் 40 மி.கி. கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. நாலு காபியைவிட இரண்டு மடங்கு. காபியை நிறுத்திவிட்டு ஊறுகாயைத் தொடர்கிறவர் எதைச் சேமிக்கிறார் என்று தெரியவில்லை.

அடுத்து, உங்கள் "நாலு கப்" உண்மையில் எவ்வளவு. கப் என்பது அளவே அல்ல. வடித்த காபி 240 மி.லி. என்றால் ஏறக்குறைய 95 மி.கி. காஃபீன். அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 60 மி.கி. அளவில் இருக்கும். 30 மி.லி. எஸ்பிரெசோ ஒன்றில் 60-ஐ ஒட்டி. ஒரு கப் கறுப்புத் தேநீரில் 45, 50. ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு காஃபீன் உண்டு. ஆகவே தூள் மாறினால் கணக்கும் மாறும். சிக்கரியில் காஃபீன் இல்லை. சிக்கரி கலந்த தூளில் அந்த விகிதத்துக்குக் காஃபீன் குறைவுதான், திக்காகவும் கறுப்பாகவும் இறங்குகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மி.கி., ஒரே வேளையில் 200 மி.கி. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்கவே 200 மி.கி. அடர்த்திக் குறைவு உள்ள, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 300-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன். வயதான பெண்களிடம் 300 மி.கி.-க்கு மேல் போனபோது முதுகெலும்பில் தேய்மானம் கூடியதை 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. சிறிய கப்பில் நாலு என்றால் நீங்கள் ஏற்கெனவே அதற்குள் இருக்கலாம். பெரிய மக் என்றால் இரண்டரையிலேயே தாண்டியிருப்பீர்கள்.

குறுகிய நேரத்தில் கொட்டிக்கொள்வது இன்னொரு வகைக் கேடு. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில், ஆறு மணி நேரத்துக்குள் 800 மி.கி. காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றும் வேகம் 77 சதவீதம் கூடியது. இரவுப் பணியில் கப் மேல் கப்பாகக் குடித்து, இடையில் எனர்ஜி பானமும் சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. நாள் முழுக்கப் பரவலாக மூன்று கப் குடிப்பவருக்கு இது பொருந்தாது.

பால் கணக்கைக் கண்ணளவில் விடாதீர்கள். வழக்கமாகப் பால் ஊற்றும் அளவுக்குக் கப்பில் தண்ணீரை ஊற்றி, அதை அளவுக் குவளையில் கவிழ்த்துப் பாருங்கள். "பால் காபிதான் குடிக்கிறேன்" என்பவர்களில் சிலருக்கு 20 மி.லி.-தான் வரும். சிலருக்கு 120 வரும். கொழுப்பு நீக்கிய பாலிலும் கால்சியம் அதே அளவு இருக்கிறது. பாலைக் காய்ச்சுவதால் கால்சியம் அழிந்துவிடாது. பொடியாக வரும் காபி வெண்மையூட்டிகளில் பெரும்பாலும் தாவர எண்ணெயும் சர்க்கரைப் பாகும்தான், கால்சியம் பெயருக்குத்தான். சோயா, ஓட்ஸ், பாதாம் பால் குடிப்பவர்கள் பெட்டியின் பின்புறம் பாருங்கள். கால்சியம் சேர்த்தது என்றால் 100 மி.லி.-க்கு 120 மி.கி. அளவில் போட்டிருக்கும், சேர்க்காததில் மிகக் குறைவு. சேர்த்த கால்சியம் அடியில் போய்ப் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் தெளிந்த மேல்பகுதி காபிக்கும், கால்சியம் குப்பைத்தொட்டிக்கும் போகும்.

கடுங்காபிதான் பிடிக்கும் என்றால் அதில் பாலைக் கலந்து கெடுக்க வேண்டியதில்லை. கால்சியம் காபியோடுதான் வர வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. நாளுக்குத் தேவை 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 1200 மி.கி. அது தயிர், பால், முள்ளோடு தின்னும் சிறுமீன், எள், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு என எந்த வழியில் வந்தாலும் சரி. பசலையை மட்டும் நம்பாதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். என் கணிப்பில், காபியால் வரும் பெரிய சேதம் காஃபீனால் வருவதே அல்ல. பால் குடிக்கும் வேளையிலும் காலை உணவு வேளையிலும் அந்த இடத்தில் ஒரு கடுங்காபி உட்கார்ந்துவிடுகிறது. அப்போது போவது நாலைந்து மி.கி. அல்ல, ஒரு வேளையின் 300 மி.கி.

இனி மாத்திரைகள். எலும்பைப் பொறுத்தவரை காபி நிஜமாகவே கெடுதல் செய்யும் இடம் இது, பலருக்கும் தெரியாத இடமும் இதுவே.

எலும்புத் தேய்மானத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வாரத்துக்கு 70 மி.கி. என்று கொடுப்பது, வெறும் வயிற்றில் போட்டாலே அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இரத்தத்தில் சேரும். காபியோடு போட்டால் அந்தச் சொற்பத்திலும் சுமார் 60 சதவீதம் போய்விடும். பாலோடு போட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆக, வாராவாரம் தவறாமல் பால் காபியோடு விழுங்குகிறவர் மருந்தே எடுக்காதவருக்குச் சமம். ஸ்கேனில் முன்னேற்றம் இல்லை என்று மருந்தை மாற்றும் முன் இதைக் கேட்க வேண்டும்.

போடும் முறை: எழுந்ததும், வாயில் வேறு எதுவும் படுவதற்கு முன், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு, அதாவது 200 மி.லி. அளவில். மினரல் வாட்டர் என்று தாது உப்பு மிகுந்து வரும் தண்ணீர் வேண்டாம். மென்று தின்னவோ சப்பவோ கூடாது. அதன் பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நடமாடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். முப்பது நிமிடம் கழித்தே காபி. இதே வகையைச் சேர்ந்த ஐபான்ட்ரோனேட் மாத்திரை என்றால் அறுபது நிமிடம். கால்சியம் மாத்திரையை அன்று காலையில் தொடாமல் மதியத்துக்குத் தள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையின் கதை இன்னும் சிக்கலானது. லெவோதைராக்ஸினை விழுங்கியவுடன் காபி குடித்தால் மருந்து குடலில் சரியாகச் சேராது. தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்றால் இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். ஏறியிருப்பதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். பிறகு என்றைக்காவது நீங்கள் யோசனை கேட்டு ஒரு மணி நேரம் இடைவெளி விட ஆரம்பித்தால், கூட்டிய அளவு முழுதாக உடம்பில் சேரும். மிகுதியான தைராய்டு ஹார்மோன் எலும்பை அரிக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கு இன்னும் வேகமாக. ஆகவே காபி நேரத்தை மாற்றினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் காபிக்குக் காத்திருக்க முடியாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத் தைராய்டு மாத்திரையைப் போடலாமா என்று கேட்கலாம். அது ஏற்கப்பட்ட முறைதான். கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையில் நாலு மணி நேரம் தேவை.

கால்சியம் மாத்திரைக்கும் காபிக்கும் அப்படிப் பெரிய பகை இல்லை. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், சிட்ரேட் வகையை எப்போதும் போடலாம், ஒரு வேளைக்கு 500 மி.கி.-க்கு மேல் போட்டால் மிச்சம் வீணாகும். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று எழுதியிருந்தால் அதில் கால்சியம் 500-தான். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் காபியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபிகூட இரும்பைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்தால் தடுப்பதில்லை.

எழுபதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் கால்சியக் கணக்கைவிட மாலைக் காபிதான் பெரிய விஷயம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் எடுத்த 400 மி.கி. காஃபீனே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததை 2013-இல் காட்டியிருக்கிறார்கள். குடித்த காஃபீனில் பாதி கரையவே ஐந்து மணி நேரம் ஆகிறது. தூக்கம் கெட்டு, நடுராத்திரியில் சிறுநீருக்கு எழுந்து, அரைத்தூக்கத்தில் இருட்டில் நடப்பவர் தடுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிவில் மிகப் பெரும்பாலானவை விழுவதால்தான் நேர்கின்றன. கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும்.

சில்லறைக் கேள்விகள் இரண்டு. காபி அமிலம் என்பதால் எலும்பைக் கரைக்கும் என்பது பொய். காபியைவிட இரைப்பையின் அமிலம் பல மடங்கு வீரியமானது, இரத்தத்தின் அமில அளவை நுரையீரலும் சிறுநீரகமும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. காபிக்குப் பதில் கோலா குடிக்கலாமா என்றால், வேண்டாம். அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 2006-இல் தினமும் கோலா குடித்த பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. மற்ற சோடா பானங்களில் அப்படித் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் காஃபீன் கணக்கு 300 மி.கி.-ஐத் தாண்டுகிறது, குறைக்கலாம் என்று தோன்றினால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் வரை இழுக்கும். நாலு நாளுக்கு ஒருமுறை அரை கப் என்று குறையுங்கள். அல்லது தூளில் பாதியைக் காஃபீன் நீக்கிய தூளாக மாற்றுங்கள். அதில் கப்புக்கு 2 முதல் 15 மி.கி.-தான் இருக்கும். முதலில் மாலைக் கப்பை எடுங்கள், காலைக் கப்பைக் கடைசிவரை விட்டுவையுங்கள். நடுவில் தலைவலி வந்து மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். சில தலைவலி மாத்திரைகளிலேயே 65 மி.கி. காஃபீன் இருக்கிறது.